மறு ஆட்டம் இல்லாத கோப்பை: எஃப்.ஏ. தொடரின் மரபும் வணிக நெருக்கடியும்

உலகின் மிகப் பழைய தேசியக் கால்பந்துத் தொடரான இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையில், சமனில் முடிந்த ஆட்டத்தை வேறொரு நாளில் எதிரணியின் மைதானத்தில் மீண்டும் ஆடி முடிவு காணும் ‘மறு ஆட்டம்’ என்னும் முறை, 2024-25 பருவம் முதல் பிரதானச் சுற்றுகள் அனைத்திலும் கைவிடப்பட்டது. இப்போது ஆட்டம் சமனில் நின்றால் அன்றைக்கே 30 நிமிடக் கூடுதல் நேரம் வழங்கப்படுகிறது. அதிலும் முடிவு எட்டாவிட்டால், இரு அணியினரும் மாறி மாறிப் பெனால்டி உதைத்து வெற்றியைத் தீர்மானிக்கும் ஷூட்-அவுட் நடக்கிறது. தொடரை நடத்தும் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கமும், நாட்டின் முதல்நிலைப் பிரிவான பிரீமியர் லீகும் 2024 ஏப்ரலில் அறிவித்த ஆறாண்டு ஒப்பந்தத்தின் வழியே இம்மாற்றம் வந்தபோது, அடுத்த மூன்று பிரிவுகளின் 72 கிளப்களை நிர்வகிக்கும் இங்கிலீஷ் ஃபுட்பால் லீக், தன்னைக் கலந்தாலோசிக்காமல் எடுக்கப்பட்ட முடிவு இது என்று வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தது. ஒரு பருவத்தில் சில ஆட்டங்களை மட்டுமே குறைக்கும் விதித் திருத்தம் இவ்வளவு கசப்பை விளைவித்தது ஏன் என்பதை விளங்கிக்கொள்ள, அந்தக் கோப்பை எவ்வாறு அமைந்திருக்கிறது, அதில் பணம் எவ்வழியில் பாய்கிறது என்பவற்றை அறிந்தாக வேண்டும்.

ஒரே குலுக்கலில் அனைவரும்

லீக் முறையில் ஓர் அணி தன் பிரிவிலுள்ள மற்ற அணிகளை மட்டுமே சந்திக்கிறது; பருவம் முழுவதும் சேர்த்த புள்ளிகளே அதன் இடத்தை முடிவு செய்கின்றன. தோற்ற அணி உடனே வெளியேறும் நாக்-அவுட் முறையில் நடக்கும் எஃப்.ஏ. கோப்பையிலோ, பல்வேறு படிநிலைகளைச் சேர்ந்த 700-க்கும் மேற்பட்ட கிளப்கள் ஒரே பரிசுக்காக மோதுகின்றன. சிற்றூர்களின் பகுதிநேர அணிகள் ஆகஸ்டிலேயே தகுதிச் சுற்றுகளைத் தொடங்கிவிடுகின்றன. அவற்றில் தப்பிப் பிழைக்கும் 32 அணிகளுடன் மூன்றாம், நான்காம் பிரிவுகளின் 48 அணிகள் நவம்பரில் சேர்ந்து முதல் சுற்றை ஆடுகின்றன. முதலிரு பிரிவுகளின் 44 அணிகள் ஜனவரியில் நடக்கும் மூன்றாம் சுற்றில்தான் களமிறங்குகின்றன. அதுமுதல் எஞ்சிய அணிகள் அனைத்தின் எண்களும் ஒரே குலுக்கலில் இடம்பெறுகின்றன. வலிய அணிகள் தொடக்கத்திலேயே ஒன்றையொன்று சந்திக்காதபடி அவற்றைத் தரவரிசைப்படி பிரித்து வைக்கும் ஏற்பாடு இங்கே கிடையாது. யார் யாரோடு மோதுவது, யார் மைதானத்தில் மோதுவது என்ற இரண்டையும் குலுக்கலே தீர்மானிப்பதால், பகலில் வேறு வேலை பார்க்கும் ஆட்டக்காரர்களைக் கொண்ட அணியும் ஐரோப்பாவின் பெருஞ்செல்வ அணியும் எதிரெதிரே நிற்கும் வாய்ப்பு ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

இந்தச் சமவாய்ப்பு வெறும் காகித உரிமையாக இருந்துவிடவில்லை. சதர்ன் லீகில் ஆடிக்கொண்டிருந்த ஹியர்ஃபோர்டு யுனைடெட், முதல் பிரிவு அணியான நியூகாசிலை 1972 பிப்ரவரியில் 2-1 என்று வீழ்த்தியதும், அதே ஆண்டில் ஃபுட்பால் லீகில் சேர்த்துக்கொள்ளப்பட்டதும், ஐந்தாம் பிரிவிலிருந்த லிங்கன் சிட்டி 2017-இல் காலிறுதி வரை முன்னேறியதும், ஆறாம் பிரிவின் மெய்ட்ஸ்டோன் யுனைடெட் 2024 ஜனவரியில் இப்ஸ்விச் டவுனை வென்றதும் அதன் பலன்கள். ஹியர்ஃபோர்டின் வெற்றி ஒரு மறு ஆட்டத்தில் கிடைத்தது என்பது இவ்விவாதத்தில் முக்கியமானது. நியூகாசிலின் மைதானத்தில் 2-2 என்று சமன் செய்ததால்தான், அந்தச் சிறிய அணி பெரிய அணியைத் தன் சொந்த மண்ணுக்கு அழைத்துவர முடிந்தது.

வணிகத்தின் வருகை

மரபின் பக்கம் நிற்போர் சிலர், கோப்பை ஒரு காலத்தில் பணத்தின் நிழல் படாமல் இருந்தது போலப் பேசுவதுண்டு. வரலாறு அதற்கு முழுமையாகத் துணை நிற்பதில்லை. சங்கத்தின் செயலாளர் சார்லஸ் ஆல்காக் 1871-இல் முன்வைத்த யோசனையின்படி 15 கிளப்கள் மட்டுமே பெயர் கொடுத்திருந்த முதல் தொடரின் இறுதி ஆட்டம் 1872 மார்ச்சில் லண்டனின் கென்னிங்டன் ஓவல் மைதானத்தில் நடந்தது. வாண்டரர்ஸ் அணி ராயல் இன்ஜினியர்ஸ் அணியை 1-0 என்று வென்றது. அன்று அது ஊதியம் பெறாமல் ஆடிய உயர்குடியினரின் போட்டியாக இருந்தது. தொழில்நகரங்களின் அணிகள் வலுப்பெற்றபோது, ஆட்டக்காரர்களுக்கு மறைமுகமாக ஊதியம் வழங்கும் வழக்கம் பரவியது. 1884-இல் பிரெஸ்டன் நார்த் எண்ட் அணி அக்காரணத்துக்காகவே கோப்பையிலிருந்து நீக்கப்பட, அதனால் எழுந்த பூசலின் முடிவில் 1885-இல் ஊதியம் பெற்று ஆடுவது சட்டபூர்வமாக்கப்பட்டது. ஊதியம் தருவதற்கு நிலையான வருவாய் வேண்டும் என்ற தேவையிலிருந்து 1888-இல் ஃபுட்பால் லீக் பிறந்தது. ஆக, தொழில்முறைக் கால்பந்து உருவாவதற்கான களங்களுள் ஒன்றாக இக்கோப்பையே இருந்திருக்கிறது.

1901 இறுதி ஆட்டத்தைக் காண 1,10,000-க்கும் மேற்பட்டோரும், வெம்பிளி மைதானத்தில் நடந்த முதல் இறுதி ஆட்டத்தைக் காண 1923-இல் அதிகாரபூர்வக் கணக்கின்படியே 1,26,047 பேரும் திரண்டபோது, அவர்கள் செலுத்திய கட்டணம் பெரும் வருவாயாகத்தான் இருந்தது. ஆகவே கோப்பைக்குள் பணம் நுழைந்ததைச் சீரழிவின் தொடக்கமாகக் கொள்வது பொருந்தாது. அந்தப் பணம் எவ்வாறு பங்கிடப்பட்டது, இன்று எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பதில்தான் பழமைக்கும் புதுமைக்கும் இடையிலான உண்மையான வேறுபாடு தெரிகிறது.

மறு ஆட்டத்தின் பொருளாதாரம்

லீக் ஆட்டங்களில் நுழைவுக் கட்டணம் முழுவதும் மைதானத்துக்குரிய கிளப்பையே சேர்கிறது. கோப்பை ஆட்டங்களில், செலவு போக எஞ்சும் தொகையை இரு கிளப்களும் சமமாகப் பெறுகின்றன. மேல் சுற்றுகளில் ஒரு சிறு பகுதி பொது நிதிக்கும் செல்கிறது. சில ஆயிரம் பேர் அமரும் மைதானத்தை மட்டுமே நம்பி வாழும் ஒரு கிளப்புக்கு, 60,000 பேர் அமரும் மைதானத்தின் ஒருநாள் வசூலில் கிடைக்கும் பாதி, ஆண்டுக் கணக்கில் சேர்த்தாலும் எட்டாத தொகையாக இருக்கலாம். மறு ஆட்டம் என்பது இந்தப் பங்கீட்டை ஒரே மோதலில் இருமுறை நிகழச் செய்த ஏற்பாடு. தொலைக்காட்சி அதைத் தேர்ந்தெடுத்தால் ஒளிபரப்புக் கட்டணமும் உடன் சேர்ந்தது.

எக்ஸிட்டர் சிட்டியின் வரலாறு இதற்குத் தெளிவான சான்று. 2003-இல் ஃபுட்பால் லீகிலிருந்து கீழிறக்கப்பட்டு, கடனில் மூழ்கி, ரசிகர்களின் அறக்கட்டளையால் ஏற்று நடத்தப்பட்ட அந்த கிளப், 2005 ஜனவரியில் மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில் 67,551 பேர் முன்னிலையில் 0-0 என்று சமன் செய்தது. தன் ஊரில் நடந்த மறு ஆட்டத்தில் 0-2 என்று தோற்றபோதிலும், இரு ஆட்டங்களிலும் ஈட்டிய வருவாய் கடன் சுமையிலிருந்து கிளப்பை மீட்கப் பேருதவியாக இருந்தது. மறு ஆண்டு பர்ட்டன் ஆல்பியன் அதே மான்செஸ்டர் அணியைத் தன் மைதானத்தில் கோல் எதுவும் விடாமல் நிறுத்தி, ஓல்டு டிராஃபோர்டில் மறு ஆட்டம் ஆடும் வாய்ப்பைப் பெற்றது. அங்கே 0-5 என்று தோற்றாலும் அதன் கருவூலம் நிறைந்தது. இவ்வாறு, தோற்றவரும் பயன்பெறும் விதமாகச் செல்வத்தை மேலிருந்து கீழே கொண்டுவரும் கடமையை, வேறெந்த நிர்வாக ஏற்பாடும் தேவைப்படாமல், ஆட்ட விதி ஒன்றே செய்துவந்தது.

பெரிய கிளப்களின் கணக்கு

மறுபக்கத்தின் வாதத்தையும் நியாயமாக எடைபோட வேண்டும். ஐரோப்பாவின் முதன்மைத் தொடரான சாம்பியன்ஸ் லீக் 2024-25 முதல் 36 அணிகளைக் கொண்டதாக விரிவடைந்ததால், அதில் ஒவ்வோர் அணியும் முதற்கட்டத்தில் ஆட வேண்டிய ஆட்டங்கள் ஆறிலிருந்து எட்டாக உயர்ந்தன. அவற்றுள் சில ஜனவரி மாதத்தில் வந்து விழுந்தன. 2025 கோடையில் 32 அணிகள் பங்கேற்ற கிளப் உலகக் கோப்பையும் சேர்ந்துகொண்டது. ஆட்டக்காரர்களின் உடல் தாங்கும் சுமைக்கு எல்லை உண்டு என்பதும், நாள்காட்டியில் வாரங்கள் கூடுவதில்லை என்பதும் மறுக்க முடியாத உண்மைகள்.

ஆயினும், நாள்காட்டி நெருக்கடியில் எந்தத் தொடர் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதை வருவாயே தீர்மானிக்கிறது. பிரீமியர் லீகில் கடைசி இடம் பெறும் அணிக்கே ஒளிபரப்பு வருவாயாக ஆண்டுக்கு 10 கோடி பவுண்டுக்கு மேல் கிடைக்கிறது; எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தை வெல்வதற்கான பரிசோ 2023-24-இல் 20 லட்சம் பவுண்டாக இருந்தது. 2013-இல் மான்செஸ்டர் சிட்டியை வென்று கோப்பையைக் கைப்பற்றிய விகன் அத்லெட்டிக், மூன்றே நாள்களில் பிரீமியர் லீகிலிருந்து கீழிறக்கப்பட்டது. இத்தகைய ஏற்றத்தாழ்வு நிலவும்போது, கோப்பை ஆட்டங்களுக்கு இரண்டாம் நிலை வீரர்களை அனுப்பும் பயிற்சியாளரைத் தனிப்பட்ட முறையில் குறைகூறுவதில் பயனில்லை. 2020 பிப்ரவரியில் ஷ்ரூஸ்பரிக்கு எதிரான மறு ஆட்டம் நடுப்பருவ ஓய்வு வாரத்தில் வந்தபோது, லிவர்பூல் தன் இளையோர் அணியையே களமிறக்கியது. தலைமைப் பயிற்சியாளர் யுர்கன் கிளாப் மைதானத்துக்கே வரவில்லை. இளையோர் 1-0 என்று வென்றனர் என்றாலும், கோப்பையின் மதிப்பு எங்கே நிற்கிறது என்பதை அந்நிகழ்வு காட்டிவிட்டது.

படிப்படியான தேய்மானம்

2024-இன் முடிவு திடீரென வந்ததன்று. 1991 வரை முடிவு கிடைக்கும்வரை எத்தனை முறையும் மறு ஆட்டம் ஆடலாம் என்றிருந்தது. 1971-72 தகுதிச் சுற்றில் ஆல்வ்சர்ச், ஆக்ஸ்ஃபோர்டு சிட்டி அணிகள் ஆறு முறை மோத நேர்ந்தது. 1991-92 முதல் ஒரு மறு ஆட்டமே என்ற வரம்பு வந்தது. மான்செஸ்டர் யுனைடெட்டும் ஆர்சனலும் 1999-இல் ஆடியதே அரையிறுதியின் கடைசி மறு ஆட்டமாக அமைந்தது. பின்னர் காலிறுதியிலும், அதன்பின் ஐந்தாம் சுற்றிலும் அம்முறை நீங்கியது. கோப்பையைத் தக்கவைக்க ஆட வேண்டிய மான்செஸ்டர் யுனைடெட், பிரேசிலில் நடந்த கிளப் உலகத் தொடருக்காக 1999-2000 பருவத்தில் எஃப்.ஏ. கோப்பையிலிருந்தே விலகிக்கொண்டது. பொது மைதானங்களில் நடந்துவந்த அரையிறுதிகள் 2008 முதல் புதிய வெம்பிளிக்கு மாற்றப்பட்டதால், பெரும்பாலும் இறுதிக்கே உரியதாக இருந்த மைதானத்தின் தனிச்சிறப்பு குறைந்தது. சனிக்கிழமை மாலை மூன்று மணி என்ற இறுதி ஆட்டத்தின் வழக்கமான நேரமும் 2012 முதல் ஒளிபரப்பின் வசதிக்கேற்பப் பல ஆண்டுகளில் மாற்றப்பட்டது. தனித்தனியே நோக்கினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏற்கத்தக்க காரணம் இருந்தது. சேர்த்து நோக்கினால், விட்டுக்கொடுத்தது எப்போதும் கோப்பையே என்பது புலப்படுகிறது.

புதிய ஒப்பந்தத்தில் நன்மையே இல்லை என்று கூறிவிட முடியாது. வார நாள்களுக்குத் தள்ளப்பட்டிருந்த ஐந்தாம் சுற்று மீண்டும் வார இறுதிக்குத் திரும்பியது. இறுதி ஆட்டம் நடக்கும் சனிக்கிழமையன்று பிரீமியர் லீக் ஆட்டங்கள் வைக்கப்படுவதில்லை. எனினும் இவை தொடரின் பொலிவைக் காக்கும் ஏற்பாடுகளே தவிர, சிறிய கிளப் இழந்த வருவாயை அதற்கு மீட்டுத் தருவன ஆகா.

பிற நாடுகளின் வழி

மறு ஆட்டம் இல்லாமலும் நாக்-அவுட் கோப்பையின் சமத்துவத்தைப் பேண முடியும் என்பதற்கு ஐரோப்பாவிலேயே முன்மாதிரிகள் உண்டு. பிரான்சின் கோப்பையில், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட படிநிலை வேறுபாடுள்ள அணிகள் மோதினால் கீழ்நிலை அணியே சொந்த மைதானத்தில் ஆடும் உரிமையைப் பெறுகிறது. ஜெர்மனியில் மூன்றாம் பிரிவையும் அதற்குக் கீழுள்ள பிரிவுகளையும் சேர்ந்த அணிகள் முதலிரு பிரிவுகளின் அணிகளைச் சந்திக்கும்போது அவற்றுக்கு அச்சலுகை உண்டு. ஸ்பெயின் 2019-20 முதல் அரையிறுதிக்கு முந்தைய சுற்றுகளை ஒற்றை ஆட்டங்களாக்கி, அவற்றைக் கீழ்ப்பிரிவு அணியின் மைதானத்தில் நடத்துகிறது. நெருக்கடியான நாள்காட்டிக்குள்ளேயே சிறிய ஊர்களுக்குப் பெரிய அணிகள் வந்து ஆடும் நிலையை இவ்விதிகள் உறுதிசெய்கின்றன.

ஆனால் இந்த வழி விளையாட்டு வாய்ப்பை மட்டுமே சமன் செய்கிறது. எக்ஸிட்டரை மீட்டது ஓல்டு டிராஃபோர்டின் வசூல் என்பதால், ஊர் மைதானத்தில் நடக்கும் ஒற்றை ஆட்டம் அதற்கு ஈடாகாது. எனவே இங்கிலாந்து இவ்விதியை ஏற்பதாயின், மறு ஆட்டங்கள் தந்துவந்த தொகைக்கு நிகரான பங்கை, பிரீமியர் லீக் அணிகளைச் சந்திக்கும் கீழ்நிலை கிளப்களுக்கு ஒளிபரப்பு வருவாயிலிருந்து நிலையான விதியாக வழங்குவதும் உடன்வர வேண்டும். அது ஆண்டுதோறும் பேரம் பேசிப் பெறும் நன்கொடையாக இருத்தல் கூடாது. சமன் செய்த அணிக்கு மறு ஆட்டம் எவ்வாறு உரிமையாகக் கிடைத்ததோ, அவ்வாறே இதுவும் உரிமையாகக் கிடைக்க வேண்டும்.

யாருடைய கோப்பை?

2025 மே மாதம் மான்செஸ்டர் சிட்டியை 1-0 என்று வீழ்த்திய கிரிஸ்டல் பேலஸ், தன் வரலாற்றின் முதல் பெரும் பட்டத்தை வென்றபோது, கோப்பை இன்னும் ஓர் ஊரையே தெருவில் இறக்கிக் கொண்டாட வைக்கும் ஆற்றலுடையது என்பது உறுதியானது. ஆனால் வெற்றியாளருக்குரிய யூரோப்பா லீக் இடத்தை அந்த கிளப்பால் பெற முடியவில்லை. அதிலும் பிரான்சின் லியோன் கிளப்பிலும் ஒரே முதலீட்டாளருக்குப் பங்கு இருந்ததால், ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியம் அதை அடுத்த நிலைத் தொடரான கான்ஃபரன்ஸ் லீகுக்கு அனுப்பியது. ஆட்டக்காரர்கள் களத்தில் ஈட்டியதை உரிமையாளரின் முதலீட்டு ஏற்பாடு குறைத்துவிட்டது.

இங்கிலாந்தில் 2025-இல் இயற்றப்பட்ட கால்பந்து ஆளுகைச் சட்டம், கிளப்களின் நிதிநிலையைக் கண்காணிக்கச் சுதந்திரமான ஒழுங்குமுறை அமைப்பை ஏற்படுத்தியுள்ளது. செல்வம் மேலே குவிந்து கீழே வற்றுவது பொதுப் பிரச்சினை என்று அரசே ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது. கோப்பையின் விதிகளைத் திருத்தும் அதிகாரமும் இதே அளவுகோலால் அளக்கப்பட வேண்டும். 700-க்கும் மேற்பட்ட கிளப்களின் பொதுச் சொத்தான ஒரு தொடரின் வடிவத்தை, அதில் மூன்றாம் சுற்றில் வந்து சேரும் 20 கிளப்களின் லீகும் சங்கமும் மட்டும் அமர்ந்து முடிவு செய்தது 2024-இன் அடிப்படைப் பிழை. மறு ஆட்டம் என்ற பழைய வடிவம் காலத்துக்கேற்ப மாறலாம். அவ்வடிவம் காத்துவந்த பங்கீடும், மாற்றத்தைப் பற்றிப் பேசுவதற்குத் தகுதிச் சுற்று அணிகளுக்கும் உள்ள உரிமையும் மாறக் கூடாதவை. இவ்விரண்டையும் விதியாக எழுதி உறுதிப்படுத்தாதவரை, ஒவ்வொரு புதிய ஒப்பந்தமும் கோப்பையின் பெயரை மட்டும் காத்து, அதன் பொருளைக் குறைத்துக்கொண்டே செல்லும்.