நாற்காலி காலியாக இருக்கலாமா?

"அண்ணே, ஒரு மருத்துவக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அங்கே நோயாளிகளை வைத்து நடக்கும் ஆராய்ச்சிகளைக் கண்காணிக்க ஒரு குழு இருக்கிறதாம். அதில் என்னையும் உறுப்பினராக இருக்கச் சொல்கிறார்கள். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். முந்திரி உடைக்கிற இந்தக் கைக்கு அங்கே என்ன அண்ணே வேலை?"

இரண்டாண்டுகளுக்கு முன், வரதராஜன்பேட்டையில், படிப்பகத்து வாசலில் நின்று ஒரு தோழர் என்னிடம் இப்படிக் கேட்டார். ஆண்டிமடம் வட்டாரத்து முந்திரித் தோப்புகளை அறிந்தவர்கள் அந்தக் கையையும் அறிவார்கள். கொட்டையின் ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டுப் பட்டுக் கறுத்து, தோல் உரிந்து, மறுபடி வளர்ந்து, மறுபடி உரிந்த கை.

"தம்பி! அந்தக் கைக்குத்தான் அங்கே வேலை!" என்றேன்.

சொன்ன பதில் ஒரு வரி. அதற்கான காரணம் ஒரு வரியில் அடங்காது. நாளை அந்தக் கடிதம் உங்களில் எவருக்கும் வரலாம் என்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

யாருக்காக அந்த நாற்காலி?

புதிய மருந்தை மனிதர்மீது சோதிக்கும் எந்த ஆராய்ச்சியும் நெறிமுறைக் குழுவின் அனுமதியின்றித் தொடங்கக் கூடாது என்பது நாட்டின் சட்டம். அந்தக் குழு எப்படி அமைய வேண்டும் என்பதை 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகள் வகுத்திருக்கின்றன. குறைந்தது 7 பேர். அவர்களில் பாதிப் பேராவது அந்த நிறுவனத்தைச் சேராதவர்கள். தலைவரும் வெளியாள். பெண் உறுப்பினர் ஒருவர் கட்டாயம். சட்டம் தெரிந்தவர் ஒருவர் கட்டாயம். இவர்களோடு, மருத்துவரும் அல்லாத, விஞ்ஞானியும் அல்லாத சாமானியர் ஒருவரும் கட்டாயம்!

அலங்காரத்துக்காகப் போட்ட நாற்காலி அல்ல அது. கூட்டம் நடக்கக் குறைந்தது 5 பேர் வேண்டும். அந்த ஐவரில் சாமானியரும் இருந்தாக வேண்டும். எத்தனை பேராசிரியர்கள் கூடியிருந்தாலும், எத்தனை பட்டங்கள் பெயருக்குப் பின்னால் வரிசை கட்டி நின்றாலும், அந்த ஒருவர் வராவிட்டால் முடிவெடுக்க முடியாது.

யார் அந்தச் சாமானியர்? எழுதப் படிக்கத் தெரிந்தவர், மருத்துவத் தொழிலில் இல்லாதவர், உள்ளூர் மொழியும் மக்களின் வழக்கங்களும் அறிந்தவர், பொதுப்பணியில் ஈடுபாடு உள்ளவராயின் நல்லது என்கின்றன இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள். ஆராய்ச்சிக்கு உட்படும் மக்களிடமிருந்தே அவர் வரலாம் என்றும் கூறுகின்றன. படிப்பகம் நடத்துகிற தோழனைப் பார்த்து எழுதிய இலக்கணம் போல் இல்லையா?

இரக்கத்தால் வந்ததல்ல

பெருமனம் படைத்த பிரபு எவரோ இரங்கிக் கொடுத்ததா இந்த உரிமை? இல்லை, தோழர்களே! ஏழைகளின் பிணங்கள் விழுந்த பிறகு வந்த உரிமை இது.

அமெரிக்க நாட்டு அலபாமாவில் டஸ்கீகி என்றோர் ஊர். 1932இல் அந்நாட்டு அரசின் பொதுச் சுகாதாரத் துறை அங்கே 600 கறுப்பின ஆண்களைத் திரட்டியது. அவர்களில் 399 பேருக்கு மேகநோய் இருந்தது. நோயின் பெயரைச் சொல்லவில்லை. 'கெட்ட இரத்தம்' என்றார்கள். ஒருவேளைச் சாப்பாடு, இலவசப் பரிசோதனை, செத்தால் புதைக்கும் செலவு, இவைதாம் அவர்களுக்குக் காட்டிய சலுகைகள். 1940களில் பெனிசிலின் வந்தது. நோயைத் தீர்க்கும் மருந்து கைக்கு வந்த பிறகும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. நோய் முற்ற முற்ற உடல் என்னவாகிறது என்று குறிப்பெழுத வேண்டுமே! 40 ஆண்டுகள் நடந்தது அந்தக் கொடுமை. 1972இல் ஏடுகள் அம்பலப்படுத்திய பின்னரே நின்றது. அதன் பிறகு 1974இல்தான் அந்த நாட்டில் ஆராய்ச்சிகளைக் கண்காணிக்கும் குழுக்களுக்குச் சட்டம் பிறந்தது.

அமெரிக்கா தூரம் என்பீர்கள். கம்மம் தூரமா? அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் 2009இல் 'பாத்' என்ற அமெரிக்க அமைப்பு, கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியை 10 முதல் 14 வயதுச் சிறுமியருக்குப் போட்டு ஆராய்ந்தது. சுமார் 24,000 சிறுமியர். அவர்களில் 7 பேர் இறந்த செய்தி வெளிவந்ததும் 2010இல் ஆராய்ச்சி நிறுத்தப்பட்டது. இறப்புக்கு ஊசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்றே விசாரணைக் குழு கூறிற்று. ஊசி நல்ல ஊசிதான், புற்றுநோயைத் தடுப்பதுதான். ஆனால் ஒப்புதல்? விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமியருக்குப் பெற்றோரின் கையெழுத்து இல்லை. விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள்! 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஆராய்ச்சிக்கும் நெறிமுறைக் குழுக்களின் அனுமதி இருந்தது. குழு இருந்தது, கூட்டம் நடந்தது, கையெழுத்தும் விழுந்தது. "எங்கள் பிள்ளைக்குக் கையெழுத்திட வார்டன் யார்?" என்று கேட்கும் குரல் மட்டும் எழவில்லை.

2005க்கும் 2012க்கும் இடையில் 475 புதிய மருந்துகளின் சோதனைகளில் 2,644 பேர் இறந்தார்கள், அவர்களில் 80 பேரின் இறப்புக்குச் சோதனையே காரணம் என்று ஒன்றிய அரசே உச்சநீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அந்த வழக்கின் அழுத்தத்தில்தான் விதிகள் இறுகின.

ஆராய்ச்சிக்கு நாம் பகைவரா?

அல்ல, அல்லவே அல்ல! அறிவியலைத் தூக்கிப் பிடிக்கும் இயக்கம் நம்முடையது. மருந்து வேண்டுமானால் ஆராய்ச்சி வேண்டும். ஆராய்ச்சி வேண்டுமானால் மனிதர் முன்வர வேண்டும்.

நம் சென்னையிலேயே சான்று உண்டு. காசநோய் வந்தால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் கிடக்க வேண்டும் என்றிருந்த காலம். இடம் கிடைக்காத ஏழை என்ன செய்வான்? 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. நெருக்கடியான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளைக் கொண்டு, ஒரு பிரிவினருக்கு வீட்டிலும் மற்றொரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டிலிருந்தே குணமாகலாம், வீட்டாருக்கும் அதனால் கூடுதல் ஆபத்தில்லை என்று 1959இல் உலகுக்குச் சொன்னார்கள். அதன் பின் உலகமே தன் முறையை மாற்றிக்கொண்டது. அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக நிற்கிறது.

டஸ்கீகியிலும் ஏழைகள், சென்னையிலும் ஏழைகள். அங்கே இருந்த மருந்தையும் மறைத்தார்கள். இங்கே இருசாராருக்கும் மருந்து கொடுத்தார்கள். எந்த ஆராய்ச்சி எந்த வகை என்று தொடங்குமுன்பே பிரித்துப் பார்க்கத்தான் அந்த நாற்காலி.

தோழர் என்ன செய்தார்?

அண்மையில் அவரை மறுபடி கண்டேன். எந்த மருந்து, எந்த நிறுவனம் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரகசியம் காப்பதாக உறுப்பினர்கள் கையெழுத்திடுகிறார்கள். அந்தச் சொல்லைக் காப்பாற்றுகிறார். தாம் கேட்ட கேள்விகளை மட்டும் சொன்னார்.

முதல் கூட்டத்தில் வாய் திறக்கவில்லையாம். இரண்டாவது கூட்டத்தில் நோயாளியிடம் கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவத்தின் தமிழாக்கம் அவர் கைக்கு வந்தது. அதில் 'எழுமாற்று ஒதுக்கீடு' என்று ஒரு சொல். "இது என்னங்க ஐயா?" என்று கேட்டிருக்கிறார். "சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல, யாருக்குப் புது மருந்து, யாருக்குப் பழைய மருந்து என்பது எங்களுக்கே தெரியாது" என்றார் மருத்துவர். "அப்படியானால் அப்படியே எழுதிவிடுங்களேன்" என்றார் நம் தோழர். அவையில் ஒரு கணம் அமைதி. பிறகு தலைவரே, "அவர் சொல்வதுதான் சரி" என்று படிவத்தைத் திருப்பி அனுப்பினார்.

அடுத்த கேள்வி: "ஆறு முறை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்கிறீர்கள். பஸ் காசு தருகிறீர்கள், சரி. அன்றைய கூலி?" அதுவரை எவருக்கும் தோன்றாத கேள்வி. மாதச் சம்பளம் வாங்குகிறவருக்கு அது எப்படித் தோன்றும்? நாள் முழுதும் உட்கார்ந்து கொட்டை உடைத்தால்தான் உலை கொதிக்கும் என்றிருப்பவனுக்குத்தான் தோன்றும். கூலி இழப்புக்கும் ஈடு எழுதப்பட்டது.

"பெரிதாக ஒன்றும் செய்யவில்லை அண்ணே" என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை.

போகிறவர்களுக்கு ஒரு சொல்

கழகத் தோழர்கள் இத்தகைய குழுக்களுக்குச் செல்ல வேண்டும். சென்றால் கரைவேட்டியின் மிடுக்கை வாசலில் விட்டுச் செல்ல வேண்டும். அங்கே சிபாரிசு கூடாது. உறவினருக்கோ வேண்டியவருக்கோ தொடர்புள்ள ஆராய்ச்சி வந்தால் அதை முதலிலேயே சொல்லி, முடிவெடுப்பதிலிருந்து விலகிக்கொள்ள வேண்டும், விதியும் அதுதான். தரும் பயணப்படிக்கும் சிறு தொகைக்கும் மேல் ஒரு காசும் தொடலாகாது.

கேட்க வேண்டிய கேள்விகளோ நான்கே. இதில் சேருகிறவருக்கு என்ன ஆபத்து என்று அவருடைய மொழியில் எழுதியிருக்கிறதா? படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கும்போது, ஆராய்ச்சியோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் உடனிருப்பாரா? உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் சிகிச்சைச் செலவும் இழப்பீடும் யார் பொறுப்பு? இடையில் வேண்டாமென்று விலகினால், வழக்கமான வைத்தியம் தடையின்றிக் கிடைக்குமா? நான்குக்கும் நேரான பதில் வரும்வரை கையெழுத்திட வேண்டாம். எதிர்த்து நிற்பதானால், மறுப்பைக் காரணத்தோடு குறிப்பில் பதியச் சொல்லலாம். பதில் சரியாக வந்துவிட்டால் தாமதமும் வேண்டாம். மனமார ஒப்புதல் தாருங்கள். நல்ல மருந்துக்காகக் காத்திருப்பவனும் நம்மவன்தானே!

கடிதம் வந்தால், "எனக்கென்ன தெரியும்" என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். நீங்கள் போகாவிட்டாலும் அந்த இடத்தில் ஒருவரைக் கொண்டு வந்து உட்கார வைப்பார்கள். அவர் கேள்வி கேட்கிறவராக இருப்பாரா, தலையாட்டுகிறவராக இருப்பாரா? அதை எண்ணிப் பார்த்துப் பதில் எழுதுங்கள், தோழர்களே.