ஓபரா மினி: சிக்கனம் எப்படி, சிக்கல் ஏன்?

பட்டன் போனில், 2ஜி வேகத்தில், ஓர் இணையப் பக்கம் திறப்பதற்குள் பொறுமை போய்விடும். நார்வே நிறுவனமான ஓபரா 2005-இல் கொண்டுவந்த ஓபரா மினி பிரவுசரிலோ அதே பக்கம் சட்டென்று திறந்தது. எப்படி?

கடினமான வேலையைப் போன் செய்யவே இல்லை. நாம் கேட்ட பக்கத்தை ஓபராவின் சர்வர் இறக்கி, அடுக்கி, படங்களைச் சுருக்கிப் பொட்டலம் கட்டி அனுப்பும். போன் அதைப் பிரித்துக் காட்டினால் போதும். டேட்டா பத்தில் ஒரு பங்காகக்கூடக் குறையும்.

தமிழ் எழுத்துரு இல்லாத போனிலும் இதில் தமிழ் படிக்க முடிந்தது. முகவரிப் பெட்டியில் ‘ஓபரா:கான்ஃபிக்’ என்று ஆங்கிலத்தில் தட்டி, கடைசியில் இருக்கும் பிட்மேப் எழுத்துரு வரியை ‘யெஸ்’ ஆக்க வேண்டியிருந்தது. சர்வரே எழுத்துகளைப் படமாக வரைந்து அனுப்பும். கட்டம் கட்டமாகத் தெரிந்ததெல்லாம் தமிழாகிவிடும். டேட்டா கூடும்தான், ஆனால் அன்றைக்கு அது பெரிய வரம்.

சிக்கலும் அந்தச் சர்வரால்தான். ஜாவாஸ்கிரிப்ட் அங்கே சில நொடிகள் ஓடி நின்றுவிடும். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் சாட் பக்கங்கள் தடுமாறும். இதைவிடப் பெரிய குறை ஒன்று இருந்தது. வங்கிப் பக்கம் போலப் பூட்டு போட்ட (https) பக்கத்தையும் திறந்து பார்த்தால்தான் சர்வரால் சுருக்க முடிந்தது. வங்கிக்கும் நமக்கும் நடுவே மூன்றாவது ஆள்! வங்கிக் கணக்கைப் பார்க்க மட்டும் வேறு பிரவுசரைத் திறப்பதே நல்லதாக இருந்தது.