சாய்ந்தது தென்னை... சாயவில்லை விவசாயம்!

2018-ம் ஆண்டு நவம்பர் 16. அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி பகுதிகளில் லட்சக்கணக்கான தென்னை மரங்களைச் சாய்த்துப்போட்டது. 45 நாள்களுக்கு ஒரு வெட்டு, கையில் காசு என்று வாழ்ந்த குடும்பங்களுக்கு ஒரே இரவில் வருமானம் நின்றுபோனது. மறுபடியும் கன்று வைத்தாலும், நெட்டை ரகம் காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். பிள்ளைகளின் படிப்பும் வங்கிக் கடனும் அதுவரை காத்திருக்குமா?

முதல் வேலை

விழுந்த மரங்களை அப்படியே மட்கவிடக் கூடாது. அதில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். பிறகு இளங்கன்றுகளின் குருத்தைத் துளைக்கும். தோப்பைச் சுத்தம் செய்த பிறகே நடவு.

இடைவெளியும் வருமானமே!

25 அடி இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 70 கன்றுகள் நடலாம். முதல் ஏழு ஆண்டுகள் தரையில் வெயில் தாராளமாக விழும். நிலக்கடலை, எள், வாழை, மரவள்ளி, மஞ்சள் எல்லாமே ஊடுபயிராக வரும். கடலையில் மூன்றரை மாதத்தில் காசு பார்க்கலாம், வாழைக்கு ஓராண்டு. ஆனால், ஊடுபயிருக்கென்று தனியாக உரமும் தண்ணீரும் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால், தென்னங்கன்றின் பங்கில்தான் கை வைக்கும்.

'வெட்டுக்கு எத்தனை காய்?' என்பதுதான் தென்னை விவசாயியின் பழைய கௌரவம். 'வருஷத்துக்கு எத்தனை வழியில் வருமானம்?' என்பதுதான் கஜா கற்றுக்கொடுத்த கணக்கு. அடுத்த புயலில் மரம் சாயலாம்; வீட்டு அடுப்பு அணையக் கூடாது!