இரவில் வலிமை இழக்கும் பற்றரி
(பிக்கப் வண்டி வைத்திருக்கும் கமக்காரருக்கு)

மாலையிற் பறித்த கத்தரிக்காயையும் பச்சைமிளகாயையும் மூடைகளிற் கட்டி வண்டியில் ஏற்றிவிட்டு உறங்கச் செல்கிறீர்கள். அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து திறப்பைத் திருப்பும்போது 'கிளிக்' என்னும் ஓசையன்றி வேறொன்றும் எழவில்லை. இதனால் உண்டாகும் நட்டம் பற்றரியின் விலையோடு நிற்பதன்று. சந்தை கூடும் நேரம் தவறினாற் சரக்கு வாடும்; வாடிய சரக்குக்கு வியாபாரி சொல்வதே விலையாகும்.

இந்நிலையிற் பலர் உடனே புதிய பற்றரி வாங்கிவிடுகின்றனர். சில நாட்களில் அதுவும் அவ்வாறே ஆகிவிடக் காண்பர். காரணத்தை அறியாது செலவு செய்தல் தகாது. காரணங்கள் மூன்றேயாம்: பற்றரி முதுமையடைந்திருக்கலாம், வண்டி ஓடும்போது அது போதிய மின்னேற்றம் பெறாதிருக்கலாம், அல்லது நிறுத்திய வண்டியில் எங்கேனும் ஓரிடத்தில் மின் வீணே ஒழுகிக்கொண்டிருக்கலாம்.

இவற்றைப் பிரித்தறிய எவ்விதக் கருவியும் வேண்டாத ஒரு சோதனை உண்டு. வண்டியை நன்றாக ஓட்டி வந்து நிறுத்தியபின், பற்றரியின் எதிர்முனைக் கம்பியை, அதாவது (-) குறியிட்டதை, கழற்றி ஒதுக்கிவையுங்கள். காலையில் அதை மீண்டும் பூட்டி இயந்திரத்தை இயக்குங்கள். உடனே இயங்கினால் மின் ஒழுகுவது வண்டியிலேயாம். அப்போதும் இயங்காவிடிற் பற்றரியையோ மின்னேற்றும் பகுதியையோ ஐயுறுதல் வேண்டும்.

இனி, பல்மானி ஒன்றை வாங்கி வைத்திருத்தல் நன்று. அதன் விலை ஒரு பற்றரியின் விலையிற் சிறு பங்கே. சில மணி நேரம் ஓய்ந்திருந்த 12 வோல்ற்றுப் பற்றரி முழு மின்னேற்றத்துடன் இருப்பின் 12.6 வோல்ற்று அளவிற் காட்டும். 12.2 எனக் காட்டினால் ஏறக்குறைய அரைவாசியே எஞ்சியுள்ளது. இயந்திரம் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருத்தல் வேண்டும். அவ்வளவுக்கு உயராவிடில் ஓல்டர்னேற்றரையும் அதன் பட்டியையும் பார்ப்பியுங்கள்.

மின் ஒழுகுவதாகத் தெரிந்தால் அதன் அளவை அறிதல் வேண்டும். விளக்குகள், வானொலி யாவற்றையும் நிறுத்தித் திறப்பை எடுத்துவிடுங்கள். எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, பல்மானியை 10 அம்பியர் அளவில் வைத்து, அதன் ஒரு முனையைக் கம்பியிலும் மற்றையதைப் பற்றரியின் எதிர்முனையிலும் தொடுத்துக்கொள்ளுங்கள். கதவு திறந்திருந்தால் உள்விளக்கு எரிந்து கணக்கைக் கெடுக்கும். பல்மானி இவ்வாறு தொடுத்திருக்கையில் இயந்திரத்தை இயக்க முயலவே கூடாது. முயன்றால் அதன் உருகியோ பல்மானியோ எரிந்துபோகும். புதிய வண்டிகளில் உள்ள மின்னணுப் பெட்டிகள் உறங்குவதற்கு அரை மணி நேரமோ அதற்கு மேலோ செல்லும், அதுவரை பொறுத்திருங்கள்.

அதன்பின் 50 மில்லியம்பியருக்குக் குறைவாகக் காட்டினால் அது வழமையானதே. மணிக்கூடும் திருட்டுத் தடுப்பும் அவ்வளவை உண்ணும். ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். 50 மில்லியம்பியர் ஒரு நாளில் 1.2 அம்பியர் மணியையே எடுக்கும். 60 அம்பியர் மணி கொள்ளும் நல்ல பற்றரி ஒன்று அதனால் வலிமை குன்ற மூன்று நான்கு கிழமைகள் செல்லும். ஆனால் 21 வாற்று விளக்கொன்று அணையாது எரிந்தால் 12 மணி நேரத்தில் 21 அம்பியர் மணி போய்விடும். ஒழுக்கு மிகச் சிறிதாயிருந்தும் ஓர் இரவிலேயே வண்டி இயங்காது போகுமாயின் பற்றரியே தன் கொள்ளளவை இழந்துவிட்டது எனக் கொள்ளலாம்.

ஒழுக்கு மிகுதியாயின், பல்மானியைப் பார்த்தவாறே உருகிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மீண்டும் பொருத்துங்கள். எந்த உருகியைக் கழற்றும்போது அளவு சட்டெனக் குறைகின்றதோ அந்தப் பாதையிலேயே குற்றம் உண்டு. நம்மவர் வண்டிகளிற் குற்றவாளி பெரும்பாலும் பின்னர் பூட்டியவையே: உருகியின்றி நேரே பற்றரியிலிருந்து கம்பி இழுத்த வானொலி, மேலதிக விளக்கு, கைத்தொலைபேசிக்கு மின்னேற்றும் கருவி போல்வன. நெல் மூடைகளுக்கருகில் நிறுத்தும் வண்டிகளில் எலி கடித்த கம்பிகளையும் தேடிப் பாருங்கள். ஒட்டிக்கொண்டு விடாத றிலே ஒன்றும் இரவு முழுதும் மின்னைக் குடிக்கும்.

எந்த உருகியாலும் அளவு குறையாவிடில் ஓல்டர்னேற்றரின் உள்ளிருக்கும் டயோட்டு பழுதுற்றிருக்கலாம். பல்மானியை அகற்றி, எதிர்முனைக் கம்பி கழன்றிருக்கும் நிலையில் ஓல்டர்னேற்றரின் தடித்த கம்பியைக் கழற்றி, அதன் நுனியை மின்காப்பு நாடாவாற் சுற்றி, முன்போல் அளந்து பாருங்கள். இப்போது குறைந்தால் விடை கிடைத்துவிட்டது. கராச்சுக்குச் சென்று இன்ன இடத்திற் பழுது எனத் தெரிவித்தால் வீண்செலவு மிஞ்சும்.

பற்றரி முனைகளில் வெண்மையாகவோ நீலமாகவோ பூத்திருப்பதை அப்பச்சோடா கரைத்த நீராற் கழுவித் துடைத்து, இறுகப் பூட்டிக் கிறீஸ் தடவுங்கள். கரைசல் பற்றரியின் உள்ளே இறங்கலாகாது. நீர் விடும் வகைப் பற்றரியாயின் காய்ச்சி வடித்த நீரையே விடுதல் வேண்டும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கிணற்று நீர் தோட்டத்துக்கு ஆகலாம், பற்றரிக்கு ஆகாது.

பற்றரியில் வேலை செய்யும்போது அமிலம் கண்ணிற் படலாம். அதிலிருந்து எழும் வாயு தீப்பற்றும். ஆதலாற் சுருட்டோ விளக்குச் சுடரோ அருகில் வேண்டாம். கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், பூட்டும்போது அதனை இறுதியிலும் செய்யுங்கள். அயல் வண்டியிலிருந்து மின் வாங்கி இயக்கும்போது, நேர்முனைகள் இரண்டையும் முதலில் இணைத்து, எதிர்முனைக் கம்பியை நல்ல பற்றரியிற் பூட்டி, அதன் மறுநுனியை உங்கள் பற்றரியிலன்றி, அதற்குச் சற்றுத் தொலைவாக இயந்திரத்தின் பூச்சில்லாத இரும்பிற் பூட்டுதல் வேண்டும்.