அடுப்புக்கும் இலைக்கும் நடுவே

கல்யாணச் சமையலில் அன்று அடுப்புக்கும் பந்திக்கும் நாலெட்டு தூரம்தான். கோட்டையடுப்பில் அண்டா ஏறியதும், விறகை உள்ளே தள்ளியும் வெளியே இழுத்தும் மாஸ்டர் தணலைக் கட்டுக்குள் வைத்திருப்பார். உப்பு கை அளவு. போதுமா என்பதைக் கொதிவாசனையே சொல்லிவிடும். புளி பட்டுக் களிம்பேறாதபடி பித்தளைக்கு ஈயம் சரியாகப் பூசியிருக்கிறதா என்று பாத்திரத்துக்குள் தலையை விட்டுப் பார்ப்பார். முதல் பந்தியில் குறை தெரிந்தால் அடுத்த பந்திக்குள் திருத்திவிடலாம்.

இன்று பல கிளைகள் உள்ள ஓட்டல்களுக்கு சென்ட்ரல் கிச்சனில்தான் சமையல். பாய்லரிலிருந்து வரும் நீராவி கொப்பரையின் இரட்டைச் சுவருக்குள் சுற்றுவதால், தீ நேரே படாமல் பருப்பு வேகிறது. விடிவதற்குள் வண்டி கிளம்ப வேண்டும். சாப்பிடுகிறவரோ எங்கோ ஒரு கிளையில், இரண்டு மணி நேரம் தள்ளி இருக்கிறார். அந்த இரண்டு மணி நேரத்துக்கும் சேர்த்துச் சமைப்பதுதான் இன்றைய தலைமைச் சமையலரின் வேலை.

முருங்கைக்காயையே பாருங்கள். மூடிய டப்பாவுக்குள்ளும் அது வெந்துகொண்டேதான் போகும். முக்கால் வேக்காட்டில் இறக்காவிட்டால் கிளைக்குப் போய்ச் சேர்வது வெறும் நார். பருப்பும் போகப்போக இறுகும். கொப்பரையில் தண்ணியாகத் தெரிகிற சாம்பார்தான் இலையில் பதமாக விழும். தாளிப்பும் கொத்தமல்லியும் கிளையில் சேர்த்தால்தான் மணக்கும். பத்து மடங்கு சமைக்க பத்து மடங்கு தண்ணீர் ஊற்றினாலும் கெட்டது: பாத்திரத்தின் வாய் அந்த அளவுக்கு அகலமாவதில்லை, ஆவியாகப் போவதும் குறைவு.

உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2011 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தபின் கரண்டியோடு தெர்மாமீட்டரும் கைக்கு வந்தது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கிருமி மளமளவென்று பெருகும். அன்று ஒரு அண்டா கெட்டால் ஒரு கல்யாணத்தோடு போயிற்று. இன்று அத்தனை கிளைகளுக்கும் போய்விடும். 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கிய பள்ளிக் காலை உணவுத் திட்டத்திலும் பல இடங்களில் பொதுச் சமையல்கூடத்திலிருந்து வண்டியில் பள்ளிகளுக்கு உணவு போகிறது. சாப்பிடுவது குழந்தைகள் என்னும்போது அந்த தெர்மாமீட்டரை நான் சம்பிரதாயமாக நினைக்க மாட்டேன்.

எனக்குப் பெரிதாகப் படும் மாற்றம் இன்னொன்று. அன்று பக்குவம் மாஸ்டரின் கையில் மட்டும் இருந்தது. பாத்திரம் தேய்த்து, காய் நறுக்கி, வருஷக்கணக்கில் பக்கத்தில் நின்றவருக்குத்தான் அதில் கொஞ்சம் கிடைக்கும். பலர் யாருக்கும் சொல்லாமலே போய்விட்டார்கள். இன்று கிராம் கணக்கில் எழுதிய அளவு அட்டை சுவரில் தொங்குகிறது. நேற்று வேலைக்குச் சேர்ந்த பெண்ணும் அதைப் படித்து மசாலா நிறுக்கிறார். தொழில் திறந்த வீடானது இப்படித்தான்.

ஆனாலும் எழுதிய எடை எல்லா நாளும் செல்லாது. புதுப்புளி ஒரு மாதிரி புளிக்கும், பழம்புளி வேறு மாதிரி. உளுந்து பழசானால் மாவு அவ்வளவாகப் பொங்காது. மூட்டை மாறும்போதெல்லாம் கொஞ்சம் கரைத்து, நாக்கில் விட்டுப் பார்த்து, அட்டையில் அளவைத் திருத்திக் கையெழுத்துப் போட அங்கே ஒருவர் வேண்டும். நல்ல கிச்சன்களில் தலைமைச் சமையலர் அந்த வேலையை யாரிடமும் விடுவதில்லை.