பற்றரி விளக்கு எரிந்தால் பிரேக்கையும் பாருங்கள்

நமது தோட்டப் பகுதிகளில் பாடசாலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கலியாண வீட்டுக்கும் இன்றும் கைகொடுப்பவை பழைய வேன்கள்தான். டவுன்ஏஸ், லைட்ஏஸ், 'டொல்பின்' என்று எல்லோரும் அழைக்கும் ஹைஏஸ் என்று ஹட்டன் வீதியில் ஓடுகிறவற்றில் பல, 1990களில் ஜப்பானில் செய்யப்பட்டவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் மீண்டும் வழி திறந்தபோது விலை நமக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. ஆகவே முப்பது வயது வேனைத்தான் பராமரித்து ஓட்ட வேண்டியிருக்கிறது.

என் கணவர் அப்படியொரு டீசல் வேனில் நானுஓயாப் பக்கம் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறார். வரவு செலவுக் கணக்கு என் பொறுப்பு. கராஜ் பில்லில் எழுதியிருப்பது என்னவென்று கேட்டுக் கேட்டே இந்த வேனைப் பற்றித் தெரிந்துகொண்டேன். வேன் ஆண்களின் விஷயம் என்று சில சகோதரிகள் ஒதுங்கிவிடுகிறார்கள். பில்லைக் கட்டுவது வீட்டுக் காசு, உள்ளே இருப்பவர்கள் நம் பிள்ளைகள். அப்புறம் எப்படி ஒதுங்குவது?

முதலில் மீட்டர் பலகையில் எரியும் சிவப்புப் பற்றரி விளக்கைப் பற்றிச் சொல்லவேண்டும். "பகல்தானே, லைட் தேவையில்லை, வீடு போய்ப் பார்க்கலாம்" என்பது சாரதிமார் வழக்கமாகச் சொல்லும் பதில். பெட்ரோல் வேனில் அது ஓரளவு பொருந்தலாம். பழைய டீசல் வேனில் பொருந்தாது. பிரேக்கை இலகுவாக மிதிப்பதற்கு 'பூஸ்டர்' என்ற உதவிப் பெட்டி இருக்கிறது. காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடம் இருந்தால்தான் அது வேலை செய்யும். பெட்ரோல் என்ஜினில் அந்த வெற்றிடம் தானாகக் கிடைக்கும். டீசல் என்ஜினில் அப்படிக் கிடைக்காது. அதற்கென ஒரு சிறிய வெக்குவம் பம்ப் வேண்டும். டொயோட்டாவின் பழைய டீசல் என்ஜின்கள் பலவற்றில் அந்தப் பம்ப், பற்றரிக்கு சார்ஜ் கொடுக்கும் ஒல்டர்நேட்டரின் முதுகிலேயே பூட்டப்பட்டிருக்கிறது. இரண்டையும் சுற்றுவது ஒரே பெல்ட். பெல்ட் அறுந்தால் சார்ஜும் போகும், பிரேக்கின் பலமும் போகும்.

எங்கள் வேனில் இது 2023 ஜூன் மழையில் நடந்தது. ஒரு கராஜில் ஒல்டர்நேட்டரைக் கழற்றிப் பழுதுபார்த்தவர்கள், வெடித்துப்போயிருந்த பழைய பெல்ட்டையே திரும்பப் போட்டு அனுப்பியிருந்தார்கள். பத்து நாளில், நானுஓயாவிலிருந்து லிந்துலைக்கு இறங்கும்போது சிவப்பு விளக்கு எரிந்தது. முதல் இரண்டு மிதிக்கு பிரேக் வழக்கம்போல் பிடித்தது, பூஸ்டருக்குள் மிச்சமிருந்த வெற்றிடம் அதுவரைதான் தாங்கியது. மூன்றாவது மிதியில் பெடல் கல்லாகிவிட்டது. பிரேக் அற்றுப்போகவில்லை. ஆனால் இரண்டு காலையும் ஊன்றி மிதிக்க வேண்டியிருந்தது. அவர் இரண்டாவது கியருக்கு மாற்றி, கைப் பிரேக்கையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து, மேட்டுப் பக்கக் கானோரம் அணைத்து நிறுத்தினார். பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறும் வேனாக வந்த நேரம் அது. பன்னிரண்டு பிள்ளைகளின் பாரத்தோடு அந்த இறக்கம் எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கவே எனக்கு மனம் வரவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் காலை ஐந்தரைக்கு ஒரு சோதனை உண்டு. என்ஜினைப் போடாமல் பிரேக்கை ஐந்து முறை மிதிக்க வேண்டும். பெடல் இறுகிவிடும். காலை எடுக்காமல் அப்படியே என்ஜினை ஸ்டார்ட் பண்ணினால் பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பம்போ, அதிலிருந்து வரும் இறப்பர்க் குழாயோ, பூஸ்டரோ பழுது. வேனை வெளியே எடுக்கக் கூடாது. முன் இருக்கையைத் தூக்கினால் என்ஜின் தெரியும். பெல்ட்டின் நடுவில் பெருவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் உள்ளே போக வேண்டும். உட்புறம் வெடிப்புத் தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான். என்ஜின் நின்றிருக்கும்போது மட்டுமே அங்கே கை வைக்கவேண்டும், தாவணியும் சேலைத் தலைப்பும் கவனம்.

வோல்ட் பார்க்கும் மீட்டர் ஒன்று வீட்டில் இருப்பது நல்லது. இரவு முழுக்க ஓய்ந்திருந்த நல்ல பற்றரி 12.6 அளவில் காட்டும். என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். பதின்மூன்றுக்குக் கீழே நின்றால் குறை பெரும்பாலும் பெல்ட்டிலோ ஒல்டர்நேட்டரிலோதான். புதுப் பற்றரி வாங்கிப் போட்டாலும் அது அடுத்த வாரம் செத்துவிடும்.

நம் மழைக்கு இன்னொரு எதிரி எர்த் வயர். பற்றரியின் மறைமுனை வேனின் உடம்போடு சேரும் இடத்தில் துரு ஏறினால் மின்சாரம் வேறு வழி தேடும். பிரேக் பிடிக்கும்போது சிக்னல் விளக்கும் மங்கலாக எரிகிறதா? பின் விளக்கின் எர்த்தைப் பாருங்கள். வயரைக் கழற்றி, உப்புத்தாளால் உரசி, இறுகப் பூட்டி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினால் போதும். இதற்குப் பெரிய பில் வரக் கூடாது. பியூஸ் அடிக்கடி போகிறதென்று சிகரட் பெட்டித் தாளைச் சுற்றிவைப்பவர்களும் இருக்கிறார்கள். பியூஸ் காப்பாற்றுவது வயரை. அதை ஏமாற்றினால் அடுத்து எரிவது வயர், அதன் பிறகு வேன். சாமிப் படத்துக்கு மின்னும் பல்பு, பாட்டு செட், கூடுதல் ஹோர்ன் எல்லாவற்றுக்கும் ஒரே வயரில் வெட்டி ஒட்டுவதும் அதே ஆபத்துத்தான். சாமி கோபிக்காது, பல்பைக் கழற்றலாம்.

மூடுபனிக் காலத்தில் முன்கண்ணாடி உட்புறம் வெளிறிப்போவது பெரும் தொல்லை. பிள்ளைகளின் மூச்சும் நனைந்த மழைக்கோட்டும் குளிர்ந்த கண்ணாடியில் நீராகப் படிகின்றன. துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டுவது வழியல்ல. காற்று நெம்புகோலை வெளிக்காற்றுப் பக்கம் வைத்து, கண்ணாடியை நோக்கித் திருப்பி, ஹீட்டரையும் ஏ.சி.யையும் சேர்த்துப் போட வேண்டும். குளிரில் ஏ.சி. எதற்கு என்று கேட்பார்கள். ஏ.சி. காற்றிலுள்ள ஈரத்தைப் பிழிந்துவிடும், ஹீட்டர் அதைச் சூடாக்கும், உலர்ந்த சூடான காற்று கண்ணாடியைத் தெளியவைக்கும். நெம்புகோலை இழுத்தும் காற்று திரும்பாவிட்டால், உள்ளே கம்பிக் கேபிள் கழன்றிருக்கலாம்.

காற்றைத் தள்ளும் புளோவர் உச்ச வேகத்தில் மட்டும் ஓடுகிறதென்றால் மோட்டார் பழுதில்லை. வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் எரிந்திருக்கிறது. மோட்டாரையே மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ரெசிஸ்டர் அதே காற்றில்தான் தன் சூட்டை ஆற்றிக்கொள்கிறது. கண்ணாடிக்குக் கீழுள்ள காற்றுத் துவாரத்தில் சைப்ரஸ் சருகு அடைந்தால் புதிதும் எரிந்துவிடும். எந்த வேகத்திலும் ஓடாவிட்டால் பியூஸ், ரிலே, எர்த் என்று பார்த்து, கடைசியில்தான் மோட்டார். லயத்துப் பக்கம் நிறுத்தும் வேன்களில் எலி கூடு கட்டியிருப்பதும் உண்டு.

முன்பக்கம் குளிர்ந்து பின்பக்கம் குளிராவிட்டால் கம்பிரஸரில் குறை சொல்லாதீர்கள், பின் ஏ.சி.க்கு வேறு புளோவரும் வடிகட்டியும் இருக்கின்றன. ஏ.சி.யைப் போடும்போது 'டிக்' என்ற ஓசை கேட்காவிட்டால் பியூஸ், ரிலே, கேஸ் அளவு பார்க்க வேண்டும். கேஸ் தானாகத் தீர்ந்துபோவதில்லை. மூன்று மாதத்துக்கொரு முறை நிரப்பச் சொல்கிறவரிடம், கசிவு எங்கே என்று முதலில் கேளுங்கள்.

ஆஸ்பத்திரி வாசலிலோ கோயில் திருவிழாவிலோ காத்திருக்கும்போது கண்ணாடிகளை மூடி, என்ஜினை ஓடவிட்டு, உள்ளே பிள்ளைகளை உறங்க வைக்காதீர்கள். பழைய சைலன்சரின் ஓட்டை வழியாக, பின் கதவின் தேய்ந்த இறப்பர் வழியாகப் புகை உள்ளே வரும். அதிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. தலைவலியும் வாந்தியும் ஒரே நேரத்தில் பலருக்கு வந்தால் கதவைத் திறந்து எல்லோரையும் உடனே வெளியே இறக்குங்கள்.

கராஜுக்குப் போகும்போது நான் இரண்டு விஷயம் கேட்பேன். மாற்றிய பழைய சாமானைக் கையில் தர வேண்டும். ஒல்டர்நேட்டரில் கை வைத்திருந்தால் புது பெல்ட்டையும் வெக்குவம் குழாயின் கிளிப்பையும் எனக்குக் காட்ட வேண்டும். முதல் தடவை சிரித்தார்கள். இப்போது நான் கேட்பதற்கு முன்பே இருக்கையைத் தூக்கிக் காட்டுகிறார்கள்.