உலர் குருதிப்பொட்டுச் சோதனை

உலர் குருதிப்பொட்டுச் சோதனை என்பது பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுக்கப்படும் சில துளிக் குருதியைத் தடித்த வடிதாளில் உலர்த்தி, அரிய பிறவி நோய்களை அறிகுறிகள் தோன்றும் முன்பே கண்டறியும் முறையாகும். இம்முறை முதன்முதலில் பினைல்கீட்டோனூரியா என்னும் நோய்க்காகப் பயன்படுத்தப்பட்டது.

நோயின் தன்மை

உணவிலுள்ள புரதத்தில் பினைல்அலனின் என்ற அமினோ அமிலம் உண்டு. கல்லீரலிலுள்ள ஒரு நொதி அதைத் தைரோசினாக மாற்றுகிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுள்ள மரபணுவைப் பெற்ற குழந்தைக்கு இந்நொதி சரிவர வேலை செய்வதில்லை. எனவே பினைல்அலனின் குருதியில் தேங்கி மூளையைப் பாதிக்கிறது. பிறக்கும்போது குழந்தை நலமாகவே காணப்படும். பாதிப்பு வெளியே தெரியப் பல மாதங்கள் ஆகும். அதற்குள் உண்டான மூளைப் பாதிப்பை மீட்க இயலாது.

வரலாறு

1934இல் நோர்வேயில், மனவளர்ச்சி குன்றிய இரு குழந்தைகளின் தாய், அவர்களின் சிறுநீரில் வீசிய விநோதமான வாடையைப் பற்றி மருத்துவர் அஸ்பியோர்ன் ஃபோலிங்கிடம் கூறினார். அதை ஆராய்ந்த ஃபோலிங் இந்நோயைக் கண்டறிந்தார். 1953இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஹோர்ஸ்ட் பிக்கெல் குழுவினர், பினைல்அலனின் குறைந்த உணவு பயன் தருவதைக் காட்டினர். ஆயினும் நோயை உரிய காலத்தில் அறிய வழியில்லை.

அமெரிக்காவின் பஃபலோ நகரில் ராபர்ட் கத்ரி இதற்குத் தீர்வு கண்டார். வடிதாளிலிருந்து வெட்டிய சிறு வட்டத்தை, வளர்ச்சி தடுக்கப்பட்ட பாக்டீரியாக்கள் உள்ள தட்டில் அவர் வைத்தார். குருதியில் பினைல்அலனின் மிகுந்திருந்தால் அத்தடை விலகி, வட்டத்தைச் சுற்றிப் பாக்டீரியாக்கள் பெருகும். செலவு குறைந்த இச்சோதனையை மாசசூசெட்ஸ் மாநிலம் 1963இல் சட்டமாக்கியது. உலர்ந்த தாளை அஞ்சலில் அனுப்ப முடிந்ததால் தொலைதூரக் குழந்தைகளுக்கும் சோதனை எட்டியது.

பிற்கால வளர்ச்சி

1990களில் தொடர் நிறை நிறமாலைமானி பயன்பாட்டுக்கு வந்தது. மூலக்கூறுகளை அவற்றின் நிறையைக் கொண்டு பிரித்தறியும் இக்கருவி, ஒரே பொட்டிலிருந்து பல நோய்களை ஒருசேரத் தேடுகிறது. அதே பொட்டிலுள்ள டி.என்.ஏ.வைக் கொண்டு முதுகுத்தண்டுத் தசைநார்ச் சிதைவு நோயையும் இப்போது அறியலாம்.

தொடர் கவனிப்பு

நோய் உறுதியான குழந்தைக்குப் பிறந்த சில நாட்களிலேயே சிறப்புப் பால்மாவு தொடங்கப்படுகிறது. இறைச்சி, முட்டை, பருப்பு, பால் ஆகியவற்றில் கட்டுப்பாடு வாழ்நாள் முழுதும் தேவை. சில நாடுகளில் பெற்றோர் வீட்டிலேயே குருதிப்பொட்டு எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புகின்றனர். முடிவுக்கேற்ப உணவின் அளவு மாற்றப்படுகிறது.

வரம்புகள்

இது நோயை உறுதிசெய்யும் சோதனையன்று, ஐயத்துக்குரியவர்களைப் பிரித்தெடுக்கும் சோதனையே. மிக விரைவில் குருதி எடுத்தால், போதிய பால் அருந்தாத குழந்தையின் நோய் தவறவிடப்படலாம். முடிவு தாமதமாக வந்தாலும், மறுசோதனைக்குக் குழந்தையை அழைத்துவராவிட்டாலும் சோதனையின் பயன் குறைந்துவிடும். எனவே கருவியைப் போலவே, குடும்பத்தை உரிய நேரத்தில் தேடிச் சென்று தெரிவிக்கும் ஏற்பாடும் இன்றியமையாதது.